ஏர் சீஃப் மார்ஷல் ஹியூ டவுடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் வரலாற்றைத் தமிழில் பல ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகிறேன். 1940ஆம் ஆண்டு கோடையில் பிரிட்டன் மீது நடந்த வான்போரைப் பற்றிச் சொல்லும்போது, சர்ச்சிலையும் ஸ்பிட்ஃபயர் விமானத்தையும் அறியாதவர் எவரும் இருப்பதில்லை. அந்தப் போரை நடத்திய தளபதியின் பெயரைச் சொன்னதும்தான் கேள்விகள் தொடங்குகின்றன. மீண்டும் மீண்டும் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்த டவுடிங்? பெயரே புதிதாக இருக்கிறதே.

ஹியூ டவுடிங் 1882 ஏப்ரல் 24 அன்று ஸ்காட்லாந்தின் மொஃபட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கே சிறுவர்களுக்கான பள்ளியொன்றை நிறுவி நடத்தி வந்தார். பிரிட்டிஷ் அரச விமானப்படையின் ஃபைட்டர் கமாண்ட், அதாவது தாய்நாட்டின் வானத்தைக் காக்கும் சண்டை விமானங்கள் அனைத்தையும் ஆளும் தலைமையகம், 1936 ஜூலையில் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தளபதியாகப் பொறுப்பேற்று, 1940 நவம்பர் வரை அப்பதவியில் இருந்தவர் அவர்.

1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாகப் பிரிட்டன் கணக்கிடும் வான்போரில் ஜெர்மானிய விமானப்படை தோல்வியுற்றதற்கு, விமானிகளின் வீரத்துக்கு அடுத்தபடியாக, இந்த ஒரு மனிதர் முந்தைய நான்கு ஆண்டுகளில் செய்துவைத்த ஏற்பாடுகளே காரணம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான ஆதாரங்கள் பின்வரும் பதில்களில் உள்ளன.

ஏர் சீஃப் மார்ஷல் என்றால் நம்ம ராணுவக் கணக்கில் எந்தப் பதவி?

தரைப்படையின் ஜெனரலுக்கும் கடற்படையின் அட்மிரலுக்கும் இணையானது. பிரிட்டிஷ் விமானப்படை 1918 ஏப்ரல் 1 அன்று தனிப் படையாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தனக்கெனப் பதவிப் பெயர்களை வகுத்துக்கொண்டது. இந்திய விமானப்படையும் அதே பெயர்களையே இன்றும் பயன்படுத்துகிறது என்பதால் நமக்கு இவை அந்நியமானவை அல்ல.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஏர் சீஃப் மார்ஷல் என்றதும் விமானப்படையின் தலைமைத் தளபதியையே நினைக்கிறோம். பிரிட்டனில் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோர் அப்பதவியில் இருப்பது வழக்கம். டவுடிங் 1937 ஜனவரியில் ஏர் சீஃப் மார்ஷல் ஆனார். ஆனால் படையின் தலைமைத் தளபதியாக ஒருபோதும் ஆகவில்லை.

அவர் இலங்கையில் இருந்தார் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ஆனால் விமானப்படை அதிகாரியாக அல்ல. வின்செஸ்டர் பள்ளியிலும் வுல்விச் ராணுவக் கல்லூரியிலும் படித்த டவுடிங், 1900ஆம் ஆண்டு தரைப்படையின் கோட்டைப் பீரங்கிப் பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அப்போது விமானம் என்ற ஒன்றே உலகில் பறந்ததில்லை. ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங் ஆகிய இடங்களில் பணியாற்றிவிட்டு, 1904இல் இந்தியாவில் இருந்த மலைப் பீரங்கிப் படைக்கு மாற்றப்பட்டார்.

பிறகு இங்கிலாந்து திரும்பி, கேம்பர்லி ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் பறப்பதில் ஆர்வம் கொண்டு, 1913 டிசம்பரில் புரூக்லண்ட்ஸ் விமானத்தளத்தில் விமானி உரிமம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. விமானம் பேராபத்தானது என்று கருதிய தந்தை விரும்பாததால் பீரங்கிப் படைக்கே திரும்பினார். 1914இல் போர் மூண்டதும் அவரைத் தரைப்படையின் விமானப் பிரிவான பறக்கும் படைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரில் ஏதாவது சாதித்தாரா, அல்லது மேசை வேலைதானா?

பிரான்சில் விமானியாகப் பறந்தார், 1915இல் ஸ்குவாட்ரன் எனப்படும் விமான அணியொன்றின் தளபதியானார், அடுத்த ஆண்டு பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய விங் ஒன்றுக்குத் தலைமை வகித்தார். விமானத்திலிருந்து கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பும் சோதனைகளில் அவர் அப்போதே ஈடுபட்டிருந்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவர் கட்டிய பாதுகாப்பு முழுவதும் செய்தித் தொடர்பையே முதுகெலும்பாகக் கொண்டிருந்தது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோல் போன்றது. 1916இல் பிரான்சில் நடந்த சோம் சண்டையின்போது கடுமையாக அடிபட்டுக் களைத்திருந்த ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஓய்வு தரவேண்டும் என்று அவர் தம் மேலதிகாரியான டிரென்சார்டிடம் வற்புறுத்தினார். இடைவிடாத தாக்குதலே வெற்றி தரும் என்று நம்பிய டிரென்சார்ட், ஸ்குவாட்ரனை மாற்றினாலும் டவுடிங்கை மனச்சோர்வு கொண்டவராகவே எடுத்துக்கொண்டார். விரைவில் டவுடிங் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1917இல் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தபோதிலும், போர்முனையில் அவருக்கு மீண்டும் தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை.

“ஸ்டஃபி” என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்களாமே, அவ்வளவு முசுடா?

இறுக்கமானவர், கலகலப்பில்லாதவர் என்ற பொருளில் அப்பெயர் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே அவருடன் ஒட்டிக்கொண்டது. விருந்துகளில் பேசிச் சிரிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. 1918இல் மணந்த மனைவி இரண்டே ஆண்டுகளில் இறந்துபோக, கைக்குழந்தையான மகனுடன் தனித்து நின்றவர் அவர். அதன்பின் ஒதுங்கி வாழும் பழக்கம் மேலும் வலுத்தது. மகன் டெரிக், 1940இல் தந்தையின் ஆணைக்கு உட்பட்ட 74ஆம் ஸ்குவாட்ரனில் சண்டை விமானியாகப் பறந்தார்.

விமானிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இதே மனிதர் விட்டுக்கொடுத்ததில்லை. சண்டை விமானத்தின் முன்பக்கக் கண்ணாடி குண்டு துளைக்காததாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது விமான அமைச்சகத்தில் சிலர் சிரித்தார்கள். சிகாகோ நகரத்து ரவுடிகளின் கார்களுக்குக் கிடைக்கும் கண்ணாடி என் விமானிகளுக்குக் கிடைக்கக் கூடாதா என்று கேட்டு, அதைப் பெற்றும் தந்தார்.

ஆர் 101 வான்கப்பல் விபத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்கிறார்களே?

1930 செப்டம்பரில் அவர் விமான அமைச்சகத்தின் உயர்குழுவில் பொருள் வழங்கலுக்கும் ஆராய்ச்சிக்கும் பொறுப்பான உறுப்பினரானார். ஆர் 101 என்னும் மாபெரும் வான்கப்பலை இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடு அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. பதவியேற்றுச் சில வாரங்களே ஆன டவுடிங், நிபுணர்களின் சொல்லை ஏற்று அந்தப் பயணத்தைத் தடுக்காமல் விட்டார். அக்டோபர் 5 அதிகாலையில் அது பிரான்சின் போவே நகரருகே விழுந்து எரிந்ததில், விமானத்துறை அமைச்சர் உட்பட 48 பேர் இறந்தார்கள்.

கூடுதல் சோதனைகளை வற்புறுத்தாமல் போனது தம் தவறு என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். பழி முழுவதையும் அவர்மேல் போடுவது நியாயமல்ல. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் புதிய கருவியையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மறுக்கும் பழக்கம் அவரிடம் உறுதிப்பட்டது என்பதை அடுத்த பதிலில் காணலாம்.

அப்படியானால் ரேடாரைக் கண்டுபிடித்தது டவுடிங்கா? ஸ்பிட்ஃபயரை உருவாக்கியதும் அவர்தானா?

இரண்டுமே இல்லை. விமானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகளைக் கொண்டு அதன் இருப்பை அறியலாம் என்று 1935 தொடக்கத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் ராபர்ட் வாட்சன்-வாட்டும் அவருடைய உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்சும். காகிதக் கணக்கு போதாது, செய்து காட்டுங்கள் என்றார் டவுடிங். பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி நகரருகே, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டே, பறந்து சென்ற ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கண்டறிந்து காட்டினார்கள். அதன் பிறகு பணம் தர அவர் தயங்கவில்லை.

ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவர் ரெஜினால்ட் மிட்செல். ஹரிகேனை வடிவமைத்தவர் சிட்னி காம். எட்டுத் துப்பாக்கிகள் கொண்ட, ஒற்றை இறக்கைத் தளம் உடைய இவ்விரு விமானங்களும் உருவான ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பொறுப்பு டவுடிங்கிடம் இருந்தது. குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடுருவி வந்துவிடும் என்று முன்னாள் பிரதமர் பால்ட்வின் 1932இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருந்தார். விமானப்படைத் தலைமையும் பதிலுக்குக் குண்டு வீசுவதையே பாதுகாப்பு என்று நம்பியது. வானில் தடுத்து நிறுத்த முடியும் என்று எண்ணிய மிகச் சிலருள் டவுடிங் ஒருவர். கண்டுபிடிப்பாளர்களுக்குரிய புகழை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சரியானவற்றைத் தேர்ந்து, காலத்தில் கைக்குக் கொண்டுவந்த புகழ் அவருடையது.

அவருடைய வான்பாதுகாப்பு ஏற்பாட்டை “டவுடிங் முறை” என்கிறார்கள். அது எப்படித்தான் வேலை செய்தது? எளிமையாகச் சொல்லுங்கள்.

கடற்கரை நெடுக செயின் ஹோம் என்னும் ரேடார் நிலையங்கள் இருந்தன. 360 அடி உயர எஃகுக் கோபுரங்கள் அலைகளை அனுப்பின. 240 அடி உயர மரக் கோபுரங்கள் திரும்பி வருபவற்றைப் பெற்றன. எதிரி கடலுக்கு அப்பால் கூடும்போதே இவை காட்டிவிடும். ஆனால் இவற்றின் பார்வை கடலை நோக்கியது மட்டுமே. கரையைத் தாண்டி உள்ளே வந்த விமானங்களைக் கண்ணாலும் காதாலும் தொடர்ந்தவர்கள், நாடெங்கும் மேடுகளிலும் வயல்களிலும் காவலிருந்த அப்சர்வர் கோர் தொண்டர்கள்.

இந்த இரு வழிச் செய்திகளும் தொலைபேசிக் கம்பிகளில் ஓடின. ரேடார் செய்திகள் முதலில் வந்து சேர்ந்த இடம், லண்டனுக்கு வடமேற்கே ஸ்டான்மோரில் உள்ள பென்ட்லி பிரயரி மாளிகையில் அமைந்த வடிகட்டும் அறை. ஒரே கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டாகச் சொல்லும். எண்ணிக்கையும் உயரமும் முன்பின்னாக இருக்கும். நம் விமானம் எது, எதிரி எது என்ற குழப்பமும் உண்டு. அவற்றையெல்லாம் ஒப்பிட்டுச் சலித்து, ஒரே தெளிவான தடமாக்கிய பிறகே செய்தி வெளியே போயிற்று. அடுத்து, நாடு நான்கு குரூப்புகளாகவும் ஒவ்வொரு குரூப்பும் பல செக்டர்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. எந்த ஸ்குவாட்ரன் எழும்ப வேண்டும் என்பதைக் குரூப் தீர்மானிக்கும். எழும்பியவர்களை வானொலியில் பேசி எதிரிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவது செக்டர் நிலையத்தின் வேலை. நம் விமானம் இருக்கும் இடத்தை அறிய, ஒவ்வொரு நிமிடமும் 14 விநாடி தானாகவே ஒலி எழுப்பும் கருவி விமான வானொலியில் பொருத்தப்பட்டிருந்தது.

இந்த அறைகளின் நடுவே பெரிய வரைபட மேசை. மகளிர் துணை விமானப்படைப் பெண்கள் நீண்ட கோல்களால் அடையாள வில்லைகளை நகர்த்துவார்கள். சுவரில் இருந்த கடிகாரம் ஐந்து ஐந்து நிமிடப் பகுதிகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் தீட்டப்பட்டது. செய்தி வந்த நேரத்தின் வண்ணத்திலேயே வில்லை வைக்கப்படும். ஆகவே எந்தச் செய்தி புதியது, எது பழையது என்று மாடத்தில் இருந்த அதிகாரி ஒரே பார்வையில் அறிந்தார். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தக் கடிகாரம்தான். காலாவதியான செய்தியை நம்பி முடிவெடுக்கும் ஆபத்தை இவ்வளவு எளிமையாகத் தடுத்த வேறொன்றை நான் அறியேன்.

ஜெர்மனியிடமும் ரேடார் இருந்ததே. பிறகு என்ன பெரிய வேறுபாடு?

இருந்தது; தனிக் கருவி என்ற அளவில் ஃப்ரேயா, வூர்ட்ஸ்பர்க் ஆகியவை செயின் ஹோமைவிட நேர்த்தியானவை என்றுகூடச் சொல்லலாம். வேறுபாடு கருவியில் இல்லை; மேலே விவரித்த தொடர்பில்தான் இருந்தது. கண்டறிந்த செய்தி சில நிமிடங்களுக்குள் பறந்துகொண்டிருக்கும் விமானியின் காதுக்கு வந்து சேரும் ஒழுங்கு 1940இல் ஜெர்மனியிடம் இல்லை. எதிரியிடம் அத்தகைய ஒழுங்கு இருப்பதை அவர்கள் சரியாக உணரவும் இல்லை. ஆகஸ்ட் 12 அன்று ரேடார் நிலையங்களைக் குண்டு வீசித் தாக்கி, வென்ட்னர் நிலையத்தைச் செயலிழக்கச் செய்தவர்கள், மூன்று நாள் கழித்து அத்தகைய தாக்குதலால் பயனில்லை என்ற ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங்கின் கருத்தைக் கேட்டு அதைத் தொடராமல் விட்டார்கள்.

இந்த முறை தொடக்கத்திலேயே பிழையின்றி இயங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டன் போரில் இறங்கி மூன்று நாள் கழித்து, 1939 செப்டம்பர் 6 அன்று, சொந்த விமானங்களையே எதிரி எனக் கருதி ஸ்பிட்ஃபயர்கள் இரண்டு ஹரிகேன்களைச் சுட்டு வீழ்த்தியதில் ஒரு விமானி இறந்தார். அந்தத் துயரம், தன் விமானத்தை ரேடார்த் திரையில் அடையாளம் காட்டும் கருவியைப் பொருத்தும் வேலையை விரைவுபடுத்தியது.

பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்தபோது விமானம் அனுப்ப மறுத்தாராம். நட்பு நாட்டுக்குத் துரோகம் இல்லையா?

கேள்வியின் வேதனை புரிகிறது. 1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கே பாய்ந்தது. ஐந்தே நாளில் பிரெஞ்சுப் பிரதமர் ரேனோ மேலும் சண்டை விமானங்களைக் கேட்டு மன்றாடினார். மே 15 அன்று போர் அமைச்சரவையின் முன் டவுடிங் நேரில் வந்து, ஹரிகேன்கள் அழிந்துவரும் வேகத்தை எடுத்துக் காட்டினார். மறுநாள் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன்கள் தேவை என்று கணக்கிடப்பட்டிருந்தது, இப்போது இருப்பவை 36. இனி என்ன நேர்ந்தாலும் ஒன்றும் அனுப்பப்படாது என்ற எல்லையைச் சொல்லுங்கள் என்று அதில் கேட்டார். பிரான்சில் தோற்றாலும் பிரிட்டன் தனித்து நின்று போராட முடியும், ஆனால் பிரான்சைக் காப்பாற்றும் முயற்சியில் உள்நாட்டுப் படை கரைந்துபோனால் பிரிட்டனின் தோல்வி மீளமுடியாததாகிவிடும் என்பதே கடிதத்தின் சாரம்.

அந்தச் சண்டையில் சுமார் 380க்கும் மேற்பட்ட ஹரிகேன்கள் பிரான்சில் இழக்கப்பட்டன. இன்னும் பத்து ஸ்குவாட்ரன்கள் சென்றிருந்தாலும், ஆர்டென் காட்டு வழியே உடைத்துக்கொண்டு வந்த ஜெர்மானிய டாங்கிகளை அவை நிறுத்தியிருக்க முடியாது. அங்கே ரேடாரும் கட்டுப்பாட்டு அறையும் இல்லாமல் அவை பாதிப் பலத்தோடுதான் போரிட்டிருக்கும். ஆகவே அதைத் துரோகம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

சர்ச்சில் முன்னால் பென்சிலை வீசிவிட்டுப் பதவி விலகுவதாகச் சொன்னாராமே?

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து சென்று, தம் வரைபடத்தை சர்ச்சிலின் முன் விரித்தார் என்று ஒரு கதை உண்டு. அது சொல்பவருக்குச் சொல்பவர் வளர்ந்துவிட்டது. உறுதியாகத் தெரிவது என்னவென்றால், அன்றைய கூட்டம் உடனடியாக அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. மறுநாளே அமைச்சரவை நான்கு ஸ்குவாட்ரன்களுக்கு இணையான விமானங்களை அனுப்ப இசைந்தது. பாரிஸ் சென்ற சர்ச்சில் அங்கிருந்து மேலும் ஆறு கேட்டார். அப்போது விமானப்படைத் தலைமைத் தளபதி நியூவல் தலையிட்டு, அந்த ஆறும் இங்கிலாந்திலேயே தங்கிப் பகலில் மட்டும் பிரான்சுக்குச் சென்று வரும்படி ஏற்பாடு செய்தார். நியூவலின் இந்த உதவியை டவுடிங்கின் ஆதரவாளர்கள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

போர் நடந்த நாள்களில் எல்லா விமானங்களையும் அவரே நேரடியாக இயக்கினாரா?

இல்லை. அன்றாடச் சண்டையை நடத்தியவர்கள் குரூப் தளபதிகள். லண்டனும் தென்கிழக்கும் அடங்கிய 11ஆம் குரூப்பை அக்ஸ்பிரிட்ஜிலிருந்து நடத்திய நியூசிலாந்துக்காரர் கீத் பார்க்கின் தோளில்தான் பாரம் முழுவதும் விழுந்தது. டவுடிங் தம் கையில் வைத்துக்கொண்டது இருப்பையும் ஓய்வையும்: எந்த ஸ்குவாட்ரனை எப்போது பின்னே அனுப்புவது, எதைக் கொண்டு நிரப்புவது என்பதை. சோம் சண்டையில் யாருக்காகப் பேசினாரோ, அந்தக் களைத்த விமானிகளைப் பற்றிய கவலையே இங்கேயும் தொடர்ந்தது.

பற்றாக்குறை விமானத்துக்கா, விமானிக்கா?

விமானிக்கு. பீவர்புரூக் பிரபுவின் புதிய அமைச்சகம் மே மாதத்திலிருந்து உற்பத்தியையும் பழுதுபார்ப்பையும் முடுக்கிவிட்டதால், உடைந்த விமானத்துக்கு மாற்று கிடைத்தது. பயிற்சி பெற்ற விமானிக்கு மாற்று எளிதில் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 6 வரையான இரண்டே வாரங்களில் 103 விமானிகள் இறந்தார்கள், 128 பேர் படுகாயமுற்றார்கள்.

அப்போது டவுடிங் விருப்பமின்றி ஒரு முடிவெடுத்தார். தென்கிழக்கில் போரிடும் ஸ்குவாட்ரன்களை முதல் வகையாகவும், உடனே அவற்றின் இடத்துக்கு வரக்கூடியவற்றை இரண்டாம் வகையாகவும் முழு பலத்தில் வைத்து, மற்றவற்றை மூன்றாம் வகையாக்கி, அவற்றின் அனுபவமுள்ள விமானிகளை முன்னணிக்கு மாற்றினார். செப்டம்பர் 7 முதல் ஜெர்மானியர் விமானத்தளங்களை விட்டு லண்டனைத் தாக்கத் திரும்பியது பெரிய மூச்சுவிடும் இடைவெளி தந்தது. போலந்து, செக் விமானிகளை முன்னணியில் இறக்கத் தொடக்கத்தில் அவர் தயங்கினார். களத்தில் அவர்களைக் கண்ட பிறகு மனம்விட்டுப் பாராட்டினார். இந்த வான்போர் முடிந்தபோது ஃபைட்டர் கமாண்டில் இறந்த விமானப் பணியாளர்கள் 544 பேர்.

“பிக் விங்” சண்டை என்றால் என்ன? யார் சொன்னது சரி?

11ஆம் குரூப்புக்கு வடக்கே இருந்த 12ஆம் குரூப்பின் தளபதி டிராஃபோர்ட் லீ-மலோரி. எதிரியை ஓரிரு ஸ்குவாட்ரன்களால் எதிர்ப்பதைவிட, மூன்று முதல் ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒன்றாகத் திரட்டிப் பெருங்கூட்டமாகத் தாக்க வேண்டும் என்பது அவர் வாதம். இரு கால்களையும் இழந்தும் பறந்த டக்ளஸ் பேடர் அதன் முன்னணி முகம். கடற்கரையிலிருந்து சில நிமிடத் தொலைவில் இருந்த பார்க்குக்கோ, கூட்டம் சேர்க்கக் காத்திருந்தால் குண்டுகள் விழுந்த பிறகே சண்டை தொடங்கும் நிலைமை.

பெருங்கூட்டங்கள் அறிவித்த வெற்றிகள் அளவுக்கு மீறியவை என்பது பின்னர் தெரிந்தது. பல விமானிகள் ஒரே இலக்கைச் சுட்டுத் தனித்தனியே உரிமை கோருவது இயல்பு. செப்டம்பர் 15 அன்று எல்லாக் குரூப்புகளும் சேர்ந்து 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார்கள். உண்மையில் வீழ்ந்தவை சுமார் 60. ஆனால் அன்று இரண்டு, மூன்று முறை பெரும் எண்ணிக்கையில் எதிர்ப்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மானிய விமானிகளின் மனத்தைக் குலைத்தன என்பதையும் மறுக்க முடியாது. தற்காப்பின் தேவையை நோக்க, பார்க்கின் வழியே சரி என்பது என் தீர்ப்பு.

சரி, வென்ற தளபதியை ஏன் அவசரமாக நீக்கினார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அவருடைய ஓய்வு 1940இல் திடீரென முளைத்த செய்தி அல்ல. 1937இலேயே, தமக்கு இளையவரான நியூவல் தலைமைத் தளபதியாக்கப்பட்டதைக் கண்டவர் அவர். 1939 ஜூனில் ஓய்வு என்றார்கள். பிறகு 1940 மார்ச், ஜூலை 14, அக்டோபர் முடிவு என்று தேதி மாறிக்கொண்டே போயிற்று. நாட்டின் மிகக் கடினமான போருக்கு நடுவே நின்ற தளபதியை இப்படி நடத்தியது எனக்கு இன்றும் மன்னிக்க முடியாததாகவே தோன்றுகிறது.

உடனடிக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன பிக் விங் பிணக்கு. அக்டோபர் 17 அன்று அமைச்சகத்தில் நடந்த கூட்டத்துக்கு லீ-மலோரி, வெறும் ஸ்குவாட்ரன் லீடரான பேடரை அழைத்து வந்தார். தலைமை வகித்த விமானப்படைத் துணைத் தலைமைத் தளபதி ஷோல்ட்டோ டக்ளஸ் பெருங்கூட்டக் கொள்கைக்குச் சாய்ந்தவர். மற்றொன்று, இரவுத் தாக்குதல். செப்டம்பர் முதல் லண்டன் இரவு தோறும் எரிந்தது. இருளில் எதிரியைக் கண்டுபிடிக்க வழியில்லை. விமானத்தில் பொருத்தும் ரேடாரே தீர்வு, அது தயாராகும் வரை பகல் விமானங்களை இருளில் அனுப்புவது வீண் என்றார் டவுடிங். இரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த, முன்னாள் தலைமைத் தளபதி சால்மண்ட் தலைமையிலான குழு அவர் பேச்சை ஏற்கவில்லை. நவம்பர் 14 இரவு காவென்ட்ரி தகர்ந்தது. அதே மாதம் 19 இரவில்தான் ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் என்னும் இரவுச் சண்டை விமானம் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அடுத்த வாரமே டவுடிங் பதவியில் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் ஷோல்ட்டோ டக்ளஸ். டிசம்பரில் பார்க்கின் இடத்துக்கு லீ-மலோரி வந்தார்.

தொலைபேசியில் அழைத்து உடனே வெளியேறச் சொன்னார்கள் என்று டவுடிங் முதிய வயதில் நினைவுகூர்ந்தார். விமானத்துறை அமைச்சர் சின்க்ளேர் நவம்பர் நடுவிலேயே அவரை நேரில் சந்தித்துச் சொல்லிவிட்டார் என்பதே ஆவணங்களோடு பொருந்துகிறது.

அப்படியானால் டவுடிங் தவறே செய்யாதவரா?

செய்தார். பார்க்குக்கும் லீ-மலோரிக்கும் இடையே பகை முற்றியபோது, இருவருக்கும் மேலதிகாரியான அவர் அழைத்துப் பேசி ஓர் ஆணையிட்டிருக்க வேண்டும். அது அவர் கடமை, அதை அவர் நிறைவேற்றவில்லை. ரேடார் செய்திகளை எல்லாம் பென்ட்லி பிரயரியில் மட்டுமே வடிகட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் போன பிறகு அந்த வேலை குரூப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. மும்மூன்று விமானங்களாக ஒட்டிப் பறக்கும் பழைய அணிவகுப்பால் பல விமானிகள் உயிரிழந்தும், அதை மாற்றும்படி மேலிருந்து ஆணை எதுவும் வரவில்லை. புதிய தளபதி தேவை என்று 1940 இறுதியில் எண்ணியவர்கள் எல்லோரும் சதிகாரர்கள் அல்லர். அவரை அனுப்பிய விதம்தான் இழிவானது.

சர்ச்சில் ஏன் கைகொடுக்கவில்லை? பிறகாவது மரியாதை கிடைத்ததா?

ஜூலையில் சர்ச்சில் அவருக்காகவே வாதாடினார். நவம்பரில் எதிர்ப்பு பெருகியபோது விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவுக்கு விமானக் கொள்முதல் தொடர்பாக அவரை அனுப்பினார்கள். மனத்தில் பட்டதை அப்படியே பேசும் அவருக்கு அது ஒத்துவரவில்லை. 1941இல் விமான அமைச்சகம் இந்த வான்போரைப் பற்றி வெளியிட்ட சிறுநூலில் டவுடிங்கின் பெயரே இடம்பெறவில்லை. அதைக் கண்டு சர்ச்சில் சினந்து எழுதினார். 1942 ஜூலையில் ஓய்வுபெற்ற டவுடிங்குக்கு, அடுத்த ஆண்டு பிரபுப் பட்டம் தரப்பட்டது. அவர் தேர்ந்துகொண்ட பட்டப்பெயர் ‘பென்ட்லி பிரயரியின் டவுடிங் பிரபு’.

விமானப்படையின் மிக உயர்ந்த பதவியான மார்ஷல் நிலை, நம் அர்ஜன் சிங்குக்கு 2002இல் தரப்பட்டது போன்றது, அவருக்குத் தரப்படவே இல்லை. தலைமைத் தளபதியாக இருந்தவர்க்கே அது உரியது என்று காரணம் சொன்னார்கள். அப்பதவியை ஒருபோதும் வகிக்காத ஷோல்ட்டோ டக்ளசுக்கும் குண்டுவீச்சுப் படைத் தளபதி ஆர்தர் ஹாரிசுக்கும் 1946இல் அதே நிலை கிடைத்தது. பார்க்கின் கதை சற்று ஆறுதலானது: மால்டாவைக் காத்த அவர், தென்கிழக்காசிய நேச நாட்டு விமானப்படைகளின் தளபதியாக 1945இல் இலங்கையின் கண்டிக்கு வந்தார். அப்பொறுப்பை ஏற்க முதலில் புறப்பட்டவர் லீ-மலோரி; வழியில் 1944 நவம்பரில் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி இறந்துபோனார்.

கடைசிக் காலத்தில் ஆவிகளோடு பேசினார் என்பது அவதூறா?

அவதூறு அல்ல, அவரே வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்தார். இறந்த விமானிகள் தம்மோடு தொடர்பு கொள்வதாக நம்பினார். அந்த நம்பிக்கையை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. ஆனால் தம் ஆணையில் எழும்பித் திரும்பாத நூற்றுக்கணக்கான இளைஞர்களை மறக்க முடியாத ஒருவரின் துயரத்தை அதில் காண்கிறேன். 1951இல் அவர் மணந்த மியூரியல், போரில் கணவரை இழந்தவர். அவரோடு சேர்ந்து புலால் மறுத்து வாழ்ந்தார். விலங்குகள் மீது நடத்தப்படும் கொடிய சோதனைகளுக்கு எதிராகப் பிரபுக்கள் அவையில் பேசினார். விலங்குகளைப் பயன்படுத்தாத மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவும் நிதியம் ஒன்று இன்றும் அவர் பெயரால் இயங்குகிறது.

லண்டன் போனால் அவர் நினைவாக எதைப் பார்க்கலாம்?

1970 பிப்ரவரி 15 அன்று டவுடிங் இறந்தார். அவருடைய அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், வான்போர் நினைவுச் சாளரத்தின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்ட்ராண்ட் தெருவில் விமானப்படையின் ஆலயமான செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் வாசலில் 1988இல் சிலை நிறுவப்பட்டது. பென்ட்லி பிரயரி 2013 முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது; நேரம் இருப்பவர்கள் சிலையைவிட இதற்கே முன்னுரிமை தரவேண்டும், ஏனெனில் அவர் பணியாற்றிய அறையை அங்கே காணலாம். ஸ்காட்லாந்து வரை செல்பவர்கள் மொஃபட்டில் இறங்கலாம். அவர் தந்தை நடத்திய பள்ளிக் கட்டடம், டவுடிங் இல்லம் என்னும் பெயரில், முன்னாள் விமானப்படையினர் வசிக்கும் வீடாக மாற்றப்பட்டது.